62 ஆயிரம் கிளிக்குக்குப் பிறகு என் முதல் டிஎஸ்எல்ஆர்

போன வாரம் எடுத்த ஒரு படத்தின் எக்ஸிஃப் விவரத்தை, அதாவது படக் கோப்புக்குள் கேமரா எழுதி வைக்கும் குறிப்பை, திறந்து பார்த்தேன். ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை முறை கிளிக் ஆனது என்ற கணக்கு, 62 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 2019 தொடக்கத்தில் வாங்கிய நிக்கான் டி3500 அது, லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே ஒரு கண்ணாடி வழியாகக் காட்சியைக் காட்டும் டிஎஸ்எல்ஆர் கேமரா. ஆறு வருடத்துக்கும் மேலாக இந்த ஒரு கேமராவில்தான் எடுத்துப் பழகியிருக்கிறேன். முதல் டிஎஸ்எல்ஆர் எது வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

வாங்குவதற்கு முன் மூன்று மாதம் ஒரு நோட்டில் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். கேனான் 1500டி, கேனான் 200டி, நிக்கான் டி5300, நிக்கான் டி3500. மெகாபிக்சல் எத்தனை, ஃபோகஸ் புள்ளி எத்தனை, நொடிக்கு எத்தனை படம், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) எதுவரை போகும் என்று வரிசையாக எழுதினேன். டி5300-க்கு 39 ஃபோகஸ் புள்ளிகள், டி3500-க்கு 11, கேனான் இரண்டுக்கும் ஒன்பதே ஒன்பது. இந்த எண்களைப் பார்த்துத் தூக்கம் கெட்ட நாட்கள் உண்டு. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது புரட்டினால், இத்தனை வருடத்தில் என் படங்களை நல்லதாகவோ மோசமாகவோ ஆக்கிய விஷயம் ஏறக்குறைய எதுவும் அந்தக் கட்டங்களுக்குள் இல்லை.

மெகாபிக்சலை முதலில் முடித்துவிடுகிறேன். நான் பார்த்த நான்குமே 24 மெகாபிக்சல். அதாவது 6000-க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தாலே 20 அங்குல அகலப் படம் கிடைக்கும். 4கே திரையை நிரப்ப எட்டு மெகாபிக்சலும் கொஞ்சமும் போதும். ஆக, இந்த எண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாம். சென்சார் அளவும் அப்படித்தான், தொடக்கநிலை மாடல்கள் ஏறக்குறைய எல்லாமே ஏபிஎஸ்-சி, அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவான ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறியது.

கடைசியில் முடிவு செய்தது கைதான். நான்கையும் தலா அரை மணி நேரமாவது பிடித்துப் பார்த்தேன். டி3500-இன் பிடி ஆழமாக இருந்தது, விரல்கள் நன்றாக உள்ளே போய் உட்கார்ந்தன. பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, மட்டும் 365 கிராம். பேட்டரியும் கார்டும் போட்டால் 415. எடை குறைவு என்பதைப் பெட்டியில் படிக்கும்போது அது ஒரு எண், அவ்வளவுதான். மூன்று மணி நேரம் கழுத்தில் தொங்கிய பிறகுதான் அதன் அருமை தெரியும். கனமான கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் பலர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். என்னுடையது என்னோடு வந்தது. 62 ஆயிரம் வந்ததற்கு அதுவே பெரிய காரணம்.

வாங்கிய முதல் இரண்டு வாரம் ஒரு சந்தேகம் வாட்டியது. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் பார்த்தால் எல்லாமே லேசாக மங்கித் தெரிந்தது. லென்ஸில் கோளாறு என்றே நினைத்தேன். படத்தைத் திரையில் பெரிதாக்கினால் கூர்மையாக இருக்கும், கண்ணுக்கு மட்டும் மங்கல். வ்யூஃபைண்டரின் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. அதுதான் டயாப்டர். நம் கண்ணின் பவருக்கு ஏற்ப வ்யூஃபைண்டரைச் சரிசெய்வது. எதிரே இருக்கும் காட்சியைப் பார்த்துத் திருகக் கூடாது. உள்ளே தெரியும் ஃபோகஸ் புள்ளிகளையும் கீழே ஓடும் எண்களையும் பார்த்து, அவை கூர்மையாகும்வரை திருக வேண்டும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு படமெடுப்பதா, கழற்றிவிட்டா என்று முதலில் முடிவு செய்துகொண்டு அப்புறம் இதைச் செய்யவும். பத்து வினாடி வேலை. இதைச் செய்யாமலேயே கேமராவைக் குறை சொல்லி விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கூடவே வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸைப் பலர் இளப்பமாகப் பேசுவார்கள். அதோடு மட்டும் பத்து மாதம் இருந்தேன், அது நல்ல முடிவு. பத்தாவது மாதம் எல்லாப் படங்களையும் கணினியில் ஃபோகல் லெங்த் வாரியாக (எண் சிறிதானால் அகலக் காட்சி, பெரிதானால் நெருக்கம்) பிரித்துப் பார்த்தேன். அகலக் கோணத்தில் எடுத்தவை கொஞ்சம்தான். பாதிக்கு மேல் 30-இலிருந்து 40 மி.மீ.க்குள், எல்லாம் ஆட்கள், பெரும்பாலும் வீட்டுக்குள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரவில் வீட்டு விளக்கில் எடுத்தவை 1/20 வினாடியில் விழுந்திருந்தன. குழந்தை அசைந்த படமெல்லாம் வீண். லென்ஸில் வைப்ரேஷன் ரிடக்‌ஷன் இருக்கிறதே என்று கேட்கலாம். அது என் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், குழந்தையின் ஓட்டத்தை அது எப்படி நிறுத்தும்?

இரண்டாவது லென்ஸ் எது என்று அந்தக் கணக்கே சொல்லிவிட்டது. ஆனால் நான் முதலில் வாங்கியது தவறான ஒன்றை. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் எல்லோரிடமும் இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன் (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸின் திறப்பு பெரிது). பழைய ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) 50 மி.மீ. எஃப்/1.8டி ஒன்று செகண்ட் ஹேண்டில் வந்தது, வாங்கிவிட்டேன். மாட்டினேன், அழகாகப் பொருந்தியது, ஷட்டர் பட்டனை அழுத்தினால் ஃபோகஸ் மட்டும் அசையவில்லை. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார் ஒரு திருகு வழியாக அதைச் சுழற்ற வேண்டும். நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டாரே இல்லை, டி7000 வரிசையிலிருந்துதான் உண்டு. நிக்கான் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் மாட்டும் இடமான, 1959-இல் வந்த எஃப் மவுன்ட் இன்றுவரை அதே வடிவம்தான். ஆனால் பொருந்துவதும் வேலை செய்வதும் வேறு வேறு. பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருந்தால் லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. வெறும் ஏஎஃப் என்றிருந்தால் கவனம். இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. புதிய ஏஎஃப்-பி லென்ஸை டி90 போன்ற பழைய பாடிகளில் போட்டால் ஃபோகஸ் ஆகாது. கேனானில் 1987-இல் இஎஃப் மவுன்ட் தொடங்கியபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள், அதனால் பழைய லென்ஸ் தேடும் புதியவருக்கு அங்கே இந்தக் குழப்பம் இல்லை. என் நோட்டில் இதற்கென்று ஒரு கட்டம் போட்டிருந்தால் அது மற்ற எல்லாவற்றையும்விட உதவியிருக்கும்.

இரண்டு மாதம் கையாலேயே ஃபோகஸ் செய்தேன். ஃபோகஸ் சரியானதும் வ்யூஃபைண்டரில் ஒரு பச்சைப் புள்ளி எரியும், அதை நம்பி எடுத்தேன். அசையாத பொருட்களுக்குச் சரி, குழந்தைக்கு முடியவில்லை. விற்றுவிட்டு ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி வாங்கினேன் (டிஎக்ஸ் என்பது ஏபிஎஸ்-சிக்கு நிக்கான் வைத்த பெயர்). 2009-இல் வந்த லென்ஸ், 200 கிராம்தான் இருக்கும். ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒன்றரை மடங்கு கணக்குப் போட்டால் ஃபுல் ஃப்ரேமின் 50 மி.மீ. காட்டும் கோணம் ஏறக்குறைய இதில் வந்துவிடுகிறது. கிட் லென்ஸின் எஃப்/5.6-ஐவிட எஃப்/1.8 ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். 1/20-இல் குழம்பிய அதே அறை, அதே விளக்கு, அதே ஐஎஸ்ஓ, இப்போது 1/200. அன்று இரவு குழந்தை சிரித்துக்கொண்டே திரும்பும்போது எடுத்த படத்தில் கண் இமை ஒவ்வொன்றும் தெரிந்தது. கேமராவையே மாற்றிவிட்டது போல இருந்தது.

ஆனால் அந்த லென்ஸ் ஒழுக்கமும் கேட்டது. ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால் கூர்மையாக இருப்பது மொத்தமே 6 செ.மீ. அளவுதான். நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, பட்டனைப் பாதி அழுத்தியபடியே கேமராவை நகர்த்திக் காட்சியை அமைப்பது என் பழக்கம். கிட் லென்ஸில் அது ஓடியது. இதில் நகர்த்தும்போதே ஃபோகஸ் கண்ணிலிருந்து காதுக்குப் போய்விடும். அப்புறம்தான் ஓரப் புள்ளியை நேரடியாகத் தேர்ந்தெடுக்கவும், லென்ஸின் திறப்பை எஃப்/2.8-க்குச் சுருக்கவும் கற்றேன். 39 புள்ளி இல்லையே என்று கொஞ்சமாவது ஏங்கியது இங்கே மட்டும்தான்.

பறவைகளுக்காக ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அதே பெயரில் இரண்டு லென்ஸ் இருக்கின்றன, ஒன்றின் பெயரில் விஆர் (வைப்ரேஷன் ரிடக்‌ஷன்) என்ற இரண்டெழுத்து இருக்கும், மற்றதில் இருக்காது. 300 மி.மீ.யில் அந்த இரண்டெழுத்து இல்லாமல் கையில் பிடித்து எடுப்பது கஷ்டம். இரண்டு லென்ஸ் சேர்ந்த பெட்டியாக வாங்குபவர்கள் உள்ளே இருப்பது எது என்று கட்டாயம் படித்துப் பார்க்கவும்.

இந்தப் பாடியில் இல்லாதவற்றில் நான் உண்மையில் தேடியது திரும்பும் திரையை. பூச்சி, காளான், தவழும் குழந்தை, எல்லாமே தரை மட்டத்தில். ஒவ்வொரு முறையும் வயிற்றில் படுத்துத்தான் எடுத்தேன். 200டி-யிலும் டி5300-இலும் திரை வெளியே திரும்பும், நோட்டில் அதை எழுதியும் இருந்தேன், ‘தேவையில்லை’ என்று அடித்தும் இருந்தேன். தாழ்வாக எடுப்பவர் என்றால் அதற்கு மற்ற எல்லா எண்களையும் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து. வீடியோ முக்கியம் என்றால் டி3500 வேண்டாம். மைக் செருக இடமில்லை, திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் நிதானமாகத்தான் தேடும். அந்த வேலைக்கு 200டி நல்லது.

பேட்டரியைப் பற்றிக் குறை எதுவும் இல்லை. ஒரு சார்ஜில் 1550 படம் என்று அளவீடு, எனக்கு அதற்குக் குறையாமல் வந்தது. கூடுதலாக வாங்கிய பேட்டரியைச் சில தடவைகூடத் தொட்டதில்லை.

பராமரிப்பில் ஒரு பாடம் கிடைத்தது, வருத்தமான பாடம். மூன்றாவது மழைக்காலத்தில் நான்கு மாதம் கிட் லென்ஸைப் பைக்குள்ளேயே வைத்து அலமாரியில் மூடிவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது உள்கண்ணாடியில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை ஓடியிருந்தது. கேமரா பை தூக்கிப் போகத்தான், குடியிருக்க அல்ல. இப்போது எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு, ஒரு சின்ன ஈரப்பதமானியும் வைத்து 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்கிறேன். சென்சாரில் தூசி விழுந்தால் எஃப்/16-இல் வானத்தை எடுத்தால் கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். ரப்பர் புளோயரால் ஊதினால் பெரும்பாலும் போய்விடும். வாயால் மட்டும் ஊத வேண்டாம், எச்சில் பட்டால் தூசியைவிடப் பெரிய தொல்லை.

சரி, இன்றைக்கு டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா? நிக்கானும் கேனானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் எதையும் அறிவிக்கவில்லை, இரண்டுமே உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. மிரர்லெஸில் படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று எடுப்பதற்கு முன்பே தெரிகிறது, பல மாடல்கள் ஆளின் கண்ணில் தானாகவே ஃபோகஸ் பிடிக்கின்றன. புதிதாக வாங்கி வருடக்கணக்கில் லென்ஸ் சேர்க்கப் போகிறவர் மிரர்லெஸுக்கே போகலாம். கற்றுக்கொள்ள வேண்டும், கையில் இருப்பது குறைவு என்றால் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆரையே இன்றும் சொல்வேன். மிரர்லெஸுக்குப் போனவர்கள் விட்டுச் சென்ற நல்ல பாடிகளும் லென்ஸ்களும் நிறையக் கிடைக்கின்றன. பின்னால் மாறினாலும் லென்ஸ் வீணாகாது. கேனானின் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் கேனானின் மிரர்லெஸ் வரிசையான ஆர்எஃப் பாடிகளில் ஆட்டோஃபோகஸோடு ஓடும். நிக்கானின் மிரர்லெஸ் பாடிகளுக்கான எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி ஓடும், நான் ஏமாந்த அந்தத் திருகு லென்ஸ் அங்கேயும் ஃபோகஸ் ஆகாது.

செகண்ட் ஹேண்டில் பார்க்கும்போது ஷட்டர் எண்ணிக்கையைக் கேட்கவும். நிக்கானில் ஒரு படத்தை எடுத்து எக்ஸிஃபில் பார்த்துவிடலாம். தொடக்கநிலை பாடிகளின் ஷட்டர் ஆயுள் 1 லட்சம் கிளிக் என்று பொதுவாகச் சொல்வார்கள். லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே நூல் மாதிரி ஏதாவது தெரிகிறதா பாருங்கள், எஃப்/16-இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள், ஒவ்வொரு ஃபோகஸ் புள்ளியும் பிடிக்கிறதா என்று சோதியுங்கள். இதற்கு நேரம் கொடுக்காத விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

போன மாதம் அக்கா மகள் கேமரா வாங்க வேண்டும் என்று வந்தாள். அவளும் ஒரு பட்டியலோடுதான் வந்தாள், போனில். அதை வாங்கி வைத்துவிட்டு என் டி3500-ஐக் கையில் கொடுத்தேன். முதலில் டயாப்டரைத் திருகவைத்தேன். ஒரு ஞாயிறு முழுக்கச் சுற்றிவிட்டு 140 படங்களோடு வந்தாள். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். மாடிப்படி, தூண் வரிசை, மேகம் நிறைந்த வானத்துக்குக் கீழே சின்னதாக ஒரு ஆள். ஆள் முகம் ஒன்றுகூட இல்லை, ஏறக்குறைய எல்லாமே 18 மி.மீ. “ஒரு 35 வாங்கிக்கோம்மா” என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். கேமராவையும், பூஞ்சை சுத்தம் செய்த அந்த 18-55-ஐயும் இரண்டு மாதத்துக்கு அவளிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன்.