கேள்விப்படாமலே மறைந்தவர்கள்: இரண்டு கிறிஸ்தவ விடைகள்

சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகள் சிலவற்றில் இயேசு படம் மாட்டிய அதே சுவரில், நெற்றி நிறையத் திருநீற்றோடு கொள்ளுத்தாத்தாவும் இருப்பார். நற்செய்தியே காதில் விழாமல் இறந்தவருக்கு என்ன கதி?

முதல் விடை கறாரானது: கிறிஸ்துவை அறிந்து விசுவாசித்தால்தான் இரட்சிப்பு, அதாவது மீட்பு. பைபிள் ஆதாரம் அப்போஸ்தலர் 4:12, ரோமர் 10:14. அருட்பணிக்கு இந்த அவசரம்தான் உந்துதல்.

இரண்டாவது விடையும் மீட்பர் கிறிஸ்து ஒருவரே என்கிறது; இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் அவர் அருள் அவரை அறியாதவரையும் எட்டலாம். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர், நேர்மையாகக் கடவுளைத் தேடி மனசாட்சிப்படி வாழ்ந்தால் மீட்படையலாம் என்று 1964-இல் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதியது. ரோமர் 2:14-15 இதற்குத் துணை.

அதற்காக, ஓஃபிர் சாலை லூர்து அன்னை கத்தோலிக்க ஆலயத்தார் இரண்டாம் கட்சி, ஷார்ட் ஸ்ட்ரீட் மெதடிஸ்ட் ஆலயத்தார் முதல் கட்சி என்று கோடு கிழித்துவிட முடியாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியே, கேள்விப்படாதவர்களைத் தண்டனைக்குரியவர்கள் என்று தீர்ப்பிட மறுத்தவர்.

அப்போஸ்தலர் நூலில் வரும் ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவை இரு தரப்பும் தம் பக்கம் இழுக்கும்; யூதரல்லாத அவரிடம் இயேசுவின் சீடர் பேதுரு போய் நற்செய்தி சொன்னார். எந்த இனத்தவரானாலும் கடவுளுக்குப் பயந்து நீதி செய்பவர் அவருக்கு ஏற்றவர் என்கிறது அப்போஸ்தலர் 10:35. பேதுருவின் வார்த்தைகளால் கொர்நேலியு இரட்சிக்கப்படுவார் என்கிறது 11:14. இந்த இடத்தில் முதல் தரப்பின் வாதம் வலுவானது என்பேன். ஆனால் கொர்நேலியு வீட்டுக்குப் பேதுரு போனார். கொள்ளுத்தாத்தா வீட்டுக்கு யாரும் போகவில்லை. அதற்கு அவரைப் பொறுப்பாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.