தண்ணிப் பசைக்கு மாறி மூணு வருஷம்

ஆம்பூரில் ஏற்றுமதி ஷூக்களுக்கு சோல் ஒட்டிக் கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. ரொம்ப வருஷம் சால்வென்ட் பி.யூ. சொல்யூஷன்தான், அதாவது ஆவியாகிப் போகும் கரைப்பானில் கரைத்த பாலியூரித்தேன் பசை. டப்பாவைத் திறந்தாலே மூக்கில் ஏறும். சாயங்காலத்துக்குள் பசை பூசும் அக்காக்களில் யாராவது தலைவலி என்பார்கள். எல்லாம் எம்.இ.கே., டொலுவீன் என்ற கரைப்பான்களின் ஆவி. பையர் கேட்டதால்தான் தண்ணீரில் கலந்து வரும் பி.யூ.வுக்கு மாறினோம். பெருமை பேச ஒன்றும் இல்லை.

வாசனை முதல் நாளே போனது. தலைவலியும் போனது. ஆனால் சால்வென்ட் ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடும், தண்ணீர் அவ்வளவு லேசில் போகாது. கடன் வாங்கி டிரையிங் டனல் போட்டோம். பால் மாதிரி வெள்ளையாகப் பூசுகிற பசை, காய்ந்ததும் கண்ணாடி மாதிரித் தெளியணும். முதல் ஐப்பசி மழையில் அவசரப்பட்டு, வெள்ளை மிச்சமிருக்கும்போதே ஹீட்டரில் காட்டி அழுத்திவிட்டோம். நுனியில் வாய் பிளந்து அறுபது ஜோடி திரும்பி வந்தது.

கிலோ விலை அதிகம்தான். ஆனால் பழைய சொல்யூஷனில் சோலில் நிற்கும் சரக்கு 20 சதவீதத்தைத் தாண்டாது, மீதி காற்றோடு போகும். இதில் பாதிக்குப் பாதி நிற்கிறது. கணக்குப் போட்டால் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்களை ஏமாற்றியது ஹார்ட்னர், பசை இறுகிப் பிடிக்க அதில் கலக்கும் சரக்கு. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குதான் சேர்க்கிறோம், ஆனால் அது ஐசோசயனேட் என்ற ஆபத்தான ரசாயனம். வாசனை இல்லையே என்று கையுறையைக் கழற்றிவிடுகிறார்கள். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், பிறகு துளி பட்டாலே மூச்சிழுப்பு வரும். 2023 ஆகஸ்ட் 24 முதல் ஐரோப்பிய யூனியனில் தனி (பாலிமராகச் சேராத) டைஐசோசயனேட், அதாவது இந்த ரசாயனத்தில் ஒரு வகை, 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ள சரக்கைத் தொழிலில் கையாளப் பயிற்சி கட்டாயம். அந்தச் சட்டம் இங்கே செல்லாது. இருந்தாலும் கலக்கும் வேலையை ஒரே ஆளுக்குப் பழக்கி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: ஹார்ட்னர் கலந்த பழைய சொல்யூஷன் நேரமானால் கெட்டியாகிக் காட்டிக்கொடுக்கும். இது மதியம் வரை தண்ணியாகவே இருக்கும், ஒட்டும் வலு மட்டும் போயிருக்கும். அதனால் டப்பாவில் கலந்த நேரத்தை மார்க்கரில் எழுதுகிறோம். மிச்சத்தை இறுக்கி மூடவும் கூடாது. கேஸ் உண்டாகி டப்பா உப்பும்.

ரப்பர் சோலுக்கு மட்டும் பசைக்கு முன்னால் பூசும் எங்களுடைய பிரைமர் இன்னும் சால்வென்ட்தான். அந்த ஆர்டர் வரும் நாளில் மேஜையை எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கம் தள்ளிப் போடுகிறோம்.