5ஜி போனும் சிக்னல் செயலியும்: மதர்போர்டு மாற்றிய பின் ஓர் அனுபவக் குறிப்பு

மதர்போர்டு மாற்றப்பட்டு என் 5ஜி போன் திரும்பி வந்த வாரத்தில், அதே மாடலின் விலை குறைந்திருப்பதைப் பார்த்த நண்பர், "5ஜி என்றால் பேச்சை யாரும் ஒட்டுக்கேட்க முடியாதாமே, வாங்கலாமா?" என்று கேட்டார். கேமராவும் பேட்டரியும் எல்லாரும் அறிந்தவை என்பதால், அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

5ஜியைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2ஜியில் போன்தான் தன்னை நிரூபிக்க வேண்டும், டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. போலி டவர் வைத்து மோசடிக் குறுஞ்செய்தி அனுப்புவோருக்கு அந்த ஓட்டையே போதும். இருபுறச் சரிபார்ப்பு 3ஜியிலேயே வந்துவிட்டது. 5ஜியோ சிம்மின் நிரந்தர அடையாள எண்ணையும் மறைத்து அனுப்ப வழி செய்கிறது. ஆனால் தனித்தியங்கும் 5ஜியில்தான் அது சாத்தியம், பழைய 4ஜியின் மையக் கட்டமைப்பின்மேல் ஏற்றிய 5ஜியில் கிடையாது. இந்தியாவில் 2022 அக்டோபரில் சேவை தொடங்கியபோது ஜியோ முதல் வகையையும் ஏர்டெல் இரண்டாம் வகையையும் தேர்ந்தெடுத்தன. போனின் மேல்மூலையிலோ இரண்டுக்கும் ஒரே '5ஜி' எழுத்துதான்.

எந்த வகையானாலும் டவருக்கும் போனுக்கும் இடையிலான பூட்டு, அதாவது பேச்சைப் புரியாதபடி மறைக்கும் குறியாக்கம், டவர் பக்கத்திலேயே திறக்கப்பட்டுவிடுகிறது. அதற்கு அப்பால் பேச்சு தொலைபேசி நிறுவனத்தின் கையில். ஆகவே பணம், மருத்துவம் போன்ற குடும்ப விஷயங்களைச் சிக்னல் என்ற செய்தி, அழைப்புச் செயலியில்தான் பேசுகிறோம். பேசும் இருவரின் போன்களைத் தவிர வேறெங்கும் சிக்னலின் பூட்டு திறக்காது. குவாண்டம் கணினியைத் தாங்கும் சாவிப் பரிமாற்றத்தை 2023இல் சேர்த்தபோதும் எனக்கு வேகத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. இத்தனைக்கும் செயலி இலவசம்.

என் கோபமெல்லாம் ஒரே ஒரு வரியின்மீது. பழைய போன் உயிரோடு இருந்தால் சிக்னல் கணக்கை நேரடியாகப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம், நம்மை அடையாளம் காட்டும் ரகசியச் சாவியும் கூடவே வரும். போர்டு செத்த போனில் அதற்கு வழியில்லாததால் எனக்குப் புதிய சாவி உருவானது. என்னோடு பேசுவோரின் திரைகளில், இருவரின் சாவிகளிலிருந்து உருவாகும் பாதுகாப்பு எண் மாறிவிட்டது என்ற அறிவிப்பு சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் வந்தது. இடையில் புகுந்து என் பெயரில் பேசுபவன் எவனும் விட்டுச்செல்லக்கூடிய தடயம் அது ஒன்றுதான். அதன் கீழேயே மைத்துனர் தன் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பியிருந்தார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பா மட்டும் வீட்டுக்கே வந்து, "எங்கே, அந்த எண்ணைக் காட்டு" என்று அறுபது இலக்கங்களையும் ஐந்தைந்தாக வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டார். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் நொடியில் முடியும் என்றேன், கேட்கவில்லை. வாட்ஸாப்பிலோ இந்த அறிவிப்பே வேண்டுமென்றால் நாமே அமைப்புகளுக்குள் சென்று இயக்க வேண்டும்.

எதிர்பாராமல் பிடித்துப்போனது ஆண்ட்ராய்டு 12இல் அறிமுகமான, போலி டவருக்கு வழிவிடும் 2ஜியை அணைக்கும் பொத்தான். ஜியோவுக்கு 2ஜி கட்டமைப்பே இல்லாததால் அந்தச் சிம்மில் அணைப்பதால் இழப்பு எதுவுமில்லை. இன்னொரு சிம்முக்குக் கிராமத்தில் டவர் கிடைக்காமல் போய்விடுகிறது என்றாலும், அவசர அழைப்புக்கு அணைத்த பின்னும் 2ஜி கிடைக்கும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் சிக்னல் செயலிக்கு ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண்தான் தருகிறேன். அந்தச் சாம்பல் வரியைச் சிவப்பாக்கும் வரை கூட்டமாட்டேன். வேகம் வேண்டுமென்றால் நண்பர் தாராளமாக வாங்கலாம். ஒட்டுக்கேட்பைத் தடுக்கத்தான் என்றால், கையிலிருக்கும் 4ஜி போனில் 2ஜியை அணைக்கும் பொத்தான் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.