டோக்கன் போட்டால்தான் லிஃப்ட்: நெடுஞ்சாலைக் கடையில் ஒரு ஆடி டிடி

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் ஒரு செகண்ட் ஹாண்ட் கார் கடையில் எனக்கு நடந்தது இது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, இதே வழியில் வியாபாரம் பண்ணுகிற கடைகள் இன்னும் இருக்கின்றன.

வண்டி ஆடி டிடி (Audi TT). 2016 மாடல், வெள்ளை, சென்னைப் பதிவு. 2 லிட்டர் டர்போ பெட்ரோல், ஆறு கியர் இரட்டை கிளட்ச், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. மீட்டரில் 29,000 சொச்சம். விலை முப்பது லட்சத்துக்குள். "ஒரு டாக்டர் வச்சிருந்தார் சார், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பார்" என்றார் விற்பவர். வேலூரில் விற்கிற பழைய காரில் பாதி டாக்டர் ஓட்டியதுதான். சிஎம்சி மருத்துவமனை இருக்கிற ஊரில் இந்தக் கதை எப்போதும் விலை போகும்.

என் ஆளை வைத்து வண்டியைப் பார்க்க வேண்டும், அடிப்பக்கம் பார்க்க லிஃப்டில் ஏற்ற வேண்டும் என்றேன். "டோக்கன் அம்பதாயிரம் போடுங்க சார், அப்புறம் எவ்ளோ நேரம் வேணா பாருங்க. சும்மா பாக்க வர்றவங்களுக்கெல்லாம் ஏத்தினா எங்க பொழப்பு இன்னா ஆவறது?" நியாயமாகத்தான் பட்டது. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் 'முன்பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருந்தது. அதை அடித்துவிட்டு, "பரிசோதனையில் குறை தெரிந்தால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும்" என்று பேனாவால் எழுதி, அவர் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்கிக்கொண்டேன். இன்று என் கையில் இருக்கிற ஒரே பலம் அந்தக் காகிதம்தான்.

கூடவே வழவழப்பான தாளில் ஒரு பரிசோதனை அறிக்கையும் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் பச்சை டிக். பெயின்ட் தடிமன் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் மைக்ரான் கணக்கு வேறு: பானெட் 110, கதவு 115, இப்படி. அடிபட்டுப் பட்டி பூசி மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் இந்த எண் எகிறும், அதற்காகத்தான் அளப்பது.

காலையில் வருகிறேன், எஞ்சினைத் தொடாமல் வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். போய் பானெட்டில் கை வைத்தால் சுடுகிறது. "பேட்டரி பாக்க ஸ்டார்ட் பண்ணோம் சார்." எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருந்தால்தான் டைமிங் செயின் ஓசையும், முதல் புகையும், ஐடிலிங் தடுமாற்றமும் தெரியும். சூடேறிய எஞ்சின் பாதி உண்மையை மறைத்துவிடும். உங்களுக்கும் இப்படி நடந்தால் வாதாட வேண்டாம், திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் சொல்லாமல் போய் நில்லுங்கள்.

ஓட்டிப் பார்க்கப் பள்ளிகொண்டா டோல் வரை போய் வரலாம், டோல் காசு என்னுடையது என்றேன். முடியாதாம். சர்வீஸ் ரோட்டில் கிரீன் சர்க்கிள் வரை போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். வேகம் எடுக்க விடாமல் செய்வதுதான் திட்டம். ஆனால் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸைச் சோதிக்க கிரீன் சர்க்கிள் நெரிசலை விடத் தோதான இடம் இந்த ஊரில் கிடையாது. பேருந்துக்குப் பின்னால் பிரேக்கை விட்டு விட்டு ஊர்ந்தபோது வண்டி அதிர ஆரம்பித்தது. முதல் கியரில் பிடிக்கும்போது ஒரு உதறல், இரண்டுக்கு மாறும்போது ஒரு தட்டு. காலியான சாலையில் போயிருந்தால் ஒருவேளை தெரிந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "இந்த வண்டிங்க எல்லாமே இப்படித்தான் சார்" என்றார். இல்லை. ஈர கிளட்ச் வகை இது, எண்ணெயில் மூழ்கியிருக்கும். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுவது வழக்கம். சரியாக இருக்கிற வண்டி நெரிசலிலும் வழுக்கிக்கொண்டு போகும். 29,000-த்தில் உதறினால் மீட்டர் பொய், இல்லையென்றால் வேறு ஏதோ நடந்திருக்கிறது.

காட்பாடியில் இருந்து எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார். பிழைக் குறியீடு ஒன்றுகூட இல்லை. கடைக்காரர் முகத்தில் சிரிப்பு. அண்ணன் அடுத்த பக்கத்தைத் திறந்தார். குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம்: 6 கிலோமீட்டர். எஞ்சின் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் தயார்நிலைப் பட்டியலில் பாதி 'இன்னும் முடியவில்லை' என்று காட்டியது. அதாவது எங்களுக்காக அழித்து வைத்திருக்கிறார்கள். குறியீடே இல்லாத பத்து வயது ஜெர்மன் வண்டியைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள்.

அப்புறம் பெயின்ட். கடையில் இருந்த தடிமன் கருவியை வாங்கி பானெட்டில் வைத்தார் அண்ணன். ஒன்றும் காட்டவில்லை. கதவில் வைத்தார், அங்கும் இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது இரும்பை மட்டும் அளக்கிற மலிவு வகை. இந்தத் தலைமுறை டிடியின் பானெட்டும் கதவும் அலுமினியம். அந்தக் கருவியால் அளக்கவே முடியாத பாகங்களுக்கு அறிக்கையில் 110, 115 என்று எண் போட்டிருக்கிறார்கள்! மாருதிக்கு எழுதியதை அப்படியே ஒட்டியிருப்பார்கள் போல. காந்தம் வைத்துப் பட்டி இருக்கிறதா என்று பார்க்கும் பழைய வழியும் இந்த வண்டியில் செல்லாது. அலுமினியத்தையும் அளக்கும் கருவி வைத்திருப்பவரைக் கூட்டிப்போங்கள்.

டயரில் முன்னே ஒரு கம்பெனி, பின்னே வேறொன்று. பின்பக்க டயர்களில் தயாரிப்பு வாரத்தையும் வருடத்தையும் குறிக்கும் நான்கு இலக்கம் 2024-ல் செய்தவை என்று சொன்னது, முன்பக்கம் தேய்ந்து கிடந்தது. நான்கு சக்கர இழுவை வண்டிக்குத் தேய்மானம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின் அச்சுக்குப் போகும் கப்ளிங் வீணாக உழைக்கும்.

எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னது சீட் பெல்ட். ஓட்டுநர் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தோம். சுருளுக்குள் இருந்த பகுதியில் பழுப்பாக ஒரு கோடு, அதற்குக் கீழே துணி மொரமொரவென்று இருந்தது. சீட்டையும் கார்பெட்டையும் ஷாம்பூ போட்டுக் கழுவுகிறவர்கள் பெல்ட்டை முழுதாக இழுப்பதில்லை. பின்பக்கத் தட்டைத் தூக்கினால் டயர் ஊதும் கருவி வைக்கும் பள்ளத்தின் ஓரத்தில் நயமான வண்டல். லிஃப்டில் ஏற்றியதும் பின் டிஃபரன்ஷியல் பக்கம் கப்ளிங் கன்ட்ரோலருக்குப் போகும் இணைப்பில் பச்சை பூத்திருந்தது. பெல்ட் சுருள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது என்று அண்ணன் சொன்னபோது விற்பவர் வெளியே போன் பேசப் போய்விட்டார்.

காப்பீட்டுத் தாளைப் பிறகுதான் கொடுத்தார்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு பல மாதம் பாலிசியே இல்லை. புதிய பாலிசியில் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பூஜ்யம். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஒழுங்காகப் புதுப்பித்து, கிளைம் எதுவும் கேட்காமல் இருந்திருந்தால் அது 50 சதவீதம் ஆகியிருக்கும். அந்த டிசம்பரில்தான் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. அங்கே மூழ்கியதுதான் இந்த வண்டி என்று என்னால் நிரூபிக்க முடியாது. தேதி பொருந்துகிறது, அவ்வளவுதான் சொல்வேன். அப்படி மூழ்கிய வண்டிகளை ஏலத்தில் எடுத்துக் கழுவி இரண்டு மாவட்டம் தள்ளி விற்பது தெரிந்த சங்கதி.

வண்டி வேண்டாம், டோக்கனைக் கொடுங்கள் என்றேன். ரசீதில் கையெழுத்துப் போட்டவர் "வேலைய விட்டுப் போயிட்டாரு" என்றார்கள். முதல் நாள் அவர் கையால்தான் டீ குடித்தேன். 2023 ஏப்ரலில் இருந்து பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் காட்டுங்கள் என்றதற்கு, "அதெல்லாம் நம்ம ஊர்ல யார் சார் எடுத்திருக்காங்க" என்று பதில். டோக்கன் கொடுப்பதற்கு முன்பே நீங்கள் கேட்க வேண்டிய முதல் தாள் அது.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்தேன், வழக்கறிஞர் மூலம் நோட்டீஸும் போனது. அதற்குப் பிறகு இருபத்தைந்தாயிரம் ஜிபேயில் வந்தது, "முழுத் தீர்வு" என்ற குறிப்போடு. இது முழுத் தீர்வு இல்லை என்று அன்றே எழுத்தில் பதில் அனுப்பிவிட்டேன். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

வண்டி இப்போது ஓசூர் பக்கத்து விளம்பரம் ஒன்றில் நிற்கிறது, ஒன்றரை லட்சம் விலை ஏறி. டாக்டர் அங்கே தொழிலதிபர் ஆகிவிட்டார்.