கோடை விடுமுறை: பிச்சாவரமா, புதுச்சேரியா?

கடலூரில் இருப்பவர்களுக்கு ஊட்டி எதற்கு? வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் புதுச்சேரி. தெற்கே சிதம்பரம் தாண்டினால் பிச்சாவரம் அலையாத்திக் காடு.

பிச்சாவரத்துக்குக் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் படகில் தலை காய்ந்துவிடும். துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் படகு குறுகலான கால்வாய்களுக்குள் நுழையாது. அந்தக் கால்வாய்களில்தான் சுரபுன்னை வேர்கள் விரல் விரலாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும், மேலே கிளைகள் கூரை போட்டிருக்கும், வெயிலே தெரியாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிளையை ஒடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது நல்லது. எங்கள் வீட்டில் புளிச்சோறுதான்.

புதுச்சேரிக்கு அவசரமே இல்லை. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலைப் பக்கம் காற்று வாங்கிக்கொண்டு நடக்கலாம். பகலில்? பிரெஞ்சுக்காரர் பகுதியின் மஞ்சள் சுவர்களைப் படம் பிடிக்கலாம், அவ்வளவுதான். சனி, ஞாயிறு என்றால் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி உற்சாகம் போய்விடும்.

முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கூட இருந்தால் புதுச்சேரி. இல்லையென்றால் என் ஓட்டு பிச்சாவரத்துக்கு.