காரைக்குடியில் ஆறு மாத குரூப் 1 வகுப்பு: எட்டாயிரம் ரூபாய்க்கு என்ன கிடைத்தது

சேருவதற்கு முன்னால் நான் தேடியபோது இந்த ஊர் வகுப்புகளைப் பற்றி யாரும் உருப்படியாக எழுதியிருக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். இடத்தின் பெயரைப் போடப்போவதில்லை. எனக்கு அங்கே இன்னும் நாலு டெஸ்ட் பாக்கி இருக்கிறது. காரைக்குடியில் மாடிப்படி ஏறிப்போகிற டிஎன்பிஎஸ்சி வகுப்புகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு மட்டும், ஆறு மாதம், எட்டாயிரம் ரூபாய், இரண்டு தவணை.

நான் பி.ஏ. பொலிட்டிகல் சயின்ஸ் மூன்றாம் வருடம், ஊர் புதுவயல் தாண்டி உள்ளே. சேருகிற அன்றைக்கு ஒரு படிவம் தந்தார்கள், அதில் 'உங்கள் லட்சியம்' என்று ஒரு கட்டம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் கலெக்டர் என்று எழுதியிருந்தார்கள், நான் ஊரக வளர்ச்சி உதவி இயக்குநர் என்று எழுதினேன். மேசையில் இருந்த அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "ஏம்மா, டெபுடி கலெக்டர் இருக்கு, டிஎஸ்பி இருக்கு, போயும் போயும் இதையா எழுதுவ?" என்றார். குரூப் 1-இல் அந்தப் பதவியும் உண்டுதான், ஆனால் அதற்கென்று ஆசைப்பட்டு யாரும் வருவதில்லை போல.

எனக்குக் காரணம் எங்கள் ஊர் ஊரணி. செட்டிநாட்டு வீடு என்றால் வருகிறவர்கள் தேக்குத் தூணையும் ஆத்தங்குடி கல்லையும் படம் எடுக்கிறார்கள், ஆனால் முற்றத்தில் விழுகிற மழைத் தண்ணீர் தெருவுக்கு வந்து, வாய்க்கால் பிடித்து, ஊரணிக்குப் போகிற மாதிரி அந்தக் காலத்தில் வகுத்து வைத்ததை யாரும் படம் எடுப்பதில்லை. எங்கள் ஊரில் ஊரணிக்கும் கண்மாய்க்கும் வருகிற வரத்துக்கால் தூர்ந்து, பாதிக்கு மேல் வேலியும் போட்டாகிவிட்டது. எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், மனு எழுதுகிறவர். எழுதுவது நான், சொல்லுவது அவர். திங்கட்கிழமை மனு நாளுக்கு இரண்டு பஸ் மாறிப் போவோம். ஒரு அலுவலகத்தில் இது எங்களுடையது இல்லை என்பார்கள், அங்கே போனால் இவர்களைக் கேளுங்கள் என்பார்கள். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைந்த கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை என்பது எனக்கே காலேஜில் இரண்டாம் வருடம்தான் தெரிந்தது. இதை ஒருத்தர் முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று வருட பஸ் காசு மிச்சம். சொல்ல வேண்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் லட்சியம். அந்தக் கட்டத்துக்குள் இதெல்லாம் எங்கே எழுதுவது?

சரி, வகுப்புக்கு வருகிறேன். அரசியலமைப்புப் பாடத்தைத்தான் நான் ரொம்ப எதிர்பார்த்துப் போனேன், ஏமாந்ததும் அதில்தான். பஞ்சாயத்து ராஜ் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது: 73-வது திருத்தம், 1992, நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24, பதினொன்றாவது அட்டவணை, ஊராட்சிகளுக்குத் தரக்கூடிய 29 இனங்கள். சார் இதை வாய்ப்பாடு மாதிரி மூன்று தடவை சொல்ல வைத்தார். அந்த 29-இல் மூன்றாவதே சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் ஆச்சே, அதில் நம் ஊராட்சிகளுக்கு நிஜமாகவே எவ்வளவு அதிகாரம் வந்திருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். மத்திய மாநில உறவை ஆராயத் தமிழ்நாடு அரசு போட்ட ராஜமன்னார் குழுவும் அப்படித்தான், அமைத்தது 1969, அறிக்கை 1971, முடிந்தது. காலேஜில் மத்திய மாநில உறவு என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்த விஷயம்.

கோபத்தோடுதான் முதல் மாதிரித் தேர்வு எழுதினேன். 200 கேள்வியில் எனக்கு 118, பக்கத்தில் இருந்த கணக்கு டிகிரிப் பையனுக்கு 151. அவனுக்கு ராஜமன்னார் யார் என்றே தெரியாது, வருடம் தெரியும். ஆக, வாய்ப்பாடு சாரைக் குறை சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் இல்லை, முதல்நிலைத் தேர்வைத் தாண்ட அவர் சொல்லித்தருவதுதான் வேண்டியிருக்கிறது. ஆனால் குரூப் 1 மெயின்ஸ் பக்கம் பக்கமாக எழுதுகிற தேர்வு, அதற்கு இந்த ஆறு மாதத்தில் ஒரே ஒரு விடைகூட எழுத வைக்கவில்லை. குரூப் 1 என்று போர்டு வைத்துவிட்டு இது தப்பு.

கொடுத்த காசுக்கு ஈடானது ஞாயிற்றுக்கிழமை மத்தியான வகுப்பு. வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வருகிறார், பாடத்திட்டத்தை விட்டு விலகிக்கொண்டே இருப்பார், பாதிப் பேர் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவார்கள். வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1-இல் ஏன் தொடங்குகிறது, வருடா வருடம் கிராமக் கணக்கைச் சரிபார்க்கிற ஜமாபந்தியில் என்ன நடக்கும், பயிர்க் கணக்கான அடங்கலில் எந்தப் பத்தியில் எதைப் பார்ப்பது என்று பேசிக்கொண்டே போவார். ஒரு நாள் எங்கள் வரத்துக்கால் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மனுவுல சர்வே நம்பர் போட்டீங்களா?" என்றார். போடவில்லை. மூன்று வருடத்து மனுக்களில் ஒன்றில்கூட. 'பெரியவர் காலத்தில் தண்ணீர் ஓடிய கால்' என்றெல்லாம் உருக்கமாக எழுதியிருக்கிறேன், நம்பர் இல்லை. அரசு இணையதளத்தில் அ-பதிவேட்டை, அதாவது ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம் என்று சொல்லுகிற பதிவேட்டை, எப்படிப் பார்ப்பது என்று அவர் போனிலேயே காட்டினார். வாய்க்கால் புறம்போக்கு என்று தெளிவாக இருந்தது. ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இத்தன நாளும் சும்மாதான் போயிட்டு வந்தோமாக்கும்" என்றார். இப்போது புது மனு எழுதியாகிவிட்டது.

சேரலாமா என்று கேட்டால், முதல்நிலைக்கு மட்டும் என்றால் மாதிரித் தேர்வு மட்டும் எழுதுகிற டெஸ்ட் பேட்ச் போதும். கேள்வித்தாள்கள் நன்றாக இருக்கின்றன, தமிழ் மொழிபெயர்ப்பில்தான் அங்கங்கே உளறல். சமச்சீர்ப் புத்தகங்களை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம். காசு நெருக்கடி என்றால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு எப்போது என்று முதலில் விசாரியுங்கள், எனக்கு இது பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. மெயின்ஸ் எண்ணத்தோடு வருகிறவர்கள் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம், பின் வரிசையில் ஃபேன் ஓடாது, சீக்கிரம் போய் ஜன்னல் ஓரம் பிடியுங்கள். பெண்கள் கழிப்பறை மொட்டைமாடியில், சாவி மேசை அக்காவிடம்.