ஏரிக்கரைக்கு ஷாக் வைத்த சைக்கிளா, வைக்காத சைக்கிளா?

மூன்று வருடம் முன்பக்க ஷாக் வைத்த எம்டிபி, அதாவது மலைச் சைக்கிள், ஓட்டினேன். போன வருடம் தை மாதம் அதை விற்றுவிட்டு, ஷாக் இல்லாத கெட்டி ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) அகல டயரும் உள்ள சைக்கிளுக்கு மாறினேன். இரண்டையும் ஓட்டியது ஒரே தடங்களில்தான். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் நீர்ப்பிடிப்புப் பக்கம், அணையிலிருந்து பிரியும் இரண்டு கால்வாய்களின் கரைகள், அவதானப்பட்டி ஏரி, ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் கிடைத்தால் பாரூர் பெரிய ஏரி. இந்த மாதிரித் தடங்களுக்குச் சைக்கிள் தேடுகிறவர்களுக்கு என் பதில் ஷாக் இல்லாததுதான். ஏன் என்று சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ஷாக் வைத்தது கைக்குச் சுகம், எடை அதிகம். குறைந்த விலை ஷாக் ஃபோர்க் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும்; இரும்பில் செய்த கெட்டி ஃபோர்க் அதில் பாதிதான். கடையில் நிற்கும்போது ஷாக் வைத்ததுதான் கண்ணைக் கவரும், எனக்கும் அப்படித்தான் ஆனது. பின்பக்கமும் ஷாக் உள்ள சைக்கிளை நான் ஒரே ஒரு நாள் ஓட்டியிருக்கிறேன், அதுவும் இரவல் வாங்கி. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, அதனால் இங்கே அதைச் சேர்க்கவில்லை.

நம் ஏரிக்கரை எப்படிப்பட்டது என்று பார்த்தால்தான் மீதி புரியும். மேலே கரை சமதளம், செம்மண்ணும் சரளையும். மாட்டு வண்டியும் டிராக்டரும் போன தடம், நடுவில் புல். கீழே தண்ணீர் ஓரம் வந்தால் கதை வேறு: கருத்த வண்டல். நந்தி மலையில் பிறந்து, பெங்களூரு கழிவையும் சேர்த்துக்கொண்டு, ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளி, கே.ஆர்.பி. அணைக்கு வந்து சேருகிறது தென்பெண்ணை. அது கொண்டுவந்து படியவைக்கும் மண் மாவு மாதிரி நைசாக இருக்கும். காய்ந்தால் தூசி, நனைந்தால் பசை. மலைச்சரிவில் குதித்து இறங்குவதற்கென்று செய்த ஷாக்குக்கு இந்த இடத்தில் வேலை குறைவு, ஆனால் சேதம் நிறைய.

பராமரிப்புதான் என் முடிவைத் தீர்மானித்தது. ஷாக் ஃபோர்க்கில் மெல்லிய குழாய் ஒன்று தடித்த குழாய்க்குள் ஏறி இறங்குகிறது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கும். உள்குழாயில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ப் பசை உண்டு. வண்டல் தூசி அதில் ஒட்டும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூசி சீலைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போகும். உள்ளே போனது அரைக்கும். முதலில் சீல் தேயும், பிறகு உள்ளே குழாயை ஆடாமல் பிடித்திருக்கும் புஷ் என்ற வளையம் தேயும், கடைசியில் குழாயின் பளபளப்புப் பூச்சில் கோடு விழுந்து துரு பிடிக்கும். உங்கள் சைக்கிளில் இது ஆரம்பித்துவிட்டதா என்று பார்க்க முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில்பார் கழுத்தில் ஆட்டம் இல்லாமல், கீழே அந்தக் குழாய்கள் சேரும் இடத்தில் மட்டும் டக் டக் என்று ஆடினால் புஷ் போய்விட்டது என்று அர்த்தம்.

எனக்கு இரண்டாவது ஐப்பசியிலேயே அந்தச் சத்தம் வந்துவிட்டது. தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் பல வருட அனுபவக்காரர். ரிம் பெண்டு எடுப்பதிலும் பால்ரஸ் மாற்றுவதிலும் அவர் கைக்கு ஈடு கிடையாது. ஃபோர்க்கை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "தம்பி, உள்ள சேறு போயிருக்கு. கழட்டிடலாம். திரும்பப் போடற சீல் இங்க கிடைக்காது. ஓசூர்ல கேட்டுப் பாருங்க" என்றார். ஃபோர்க்கைத் தனியாகக் கழற்றிக் கோணியில் சுற்றி, பஸ்ஸில் ஓசூர் கொண்டுபோனேன். அங்கே ஒரு கடையில் பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டுக் கொடுத்தார்கள், ஆனால் அந்த மாடலுக்குச் சீல் தனியாக வருவதில்லையாம். பழைய சீலையே திரும்பப் போட்டார்கள். அடுத்த மழைக்காலம் தாங்கவில்லை. 4,500 ரூபாய் கொடுத்துப் புது ஃபோர்க் மாட்டினேன். இரண்டு முறையும் ஓசூர் போய்வர ஒரு நாள் போனது. ஃபோர்க் இல்லாமல் சைக்கிள் மொத்தம் மூன்று வாரம் சும்மா நின்றது.

கெட்டி ஃபோர்க்கில் தேய ஒன்றும் இல்லை. ஒன்றேகால் வருடத்தில் ஹேண்டில்பார் கழுத்தில் உள்ள பேரிங்கை ஒரு முறை திறந்து கிரீஸ் வைத்தேன், அவ்வளவுதான். அதையும் அந்த அண்ணனே செய்து கொடுத்தார். இந்தச் சைக்கிளுக்கு வேண்டிய எல்லாமே கிருஷ்ணகிரியிலேயே முடிகிறது. ஊரை விட்டு எடுத்துப்போகாமல் சரிசெய்ய முடிகிற வண்டி என்பது எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. ஆனால் ஒன்றேகால் வருடம் என்பது மூன்று வருடத்துக்குச் சமம் இல்லை. ஐந்தாவது வருடத்தில் இரும்பு ஃபோர்க்கின் உட்புறம் எவ்வளவு துருப்பிடித்திருக்கும் என்பதை அப்போது பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

செயின் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் வண்டல் தின்னும். மாதம் ஒரு முறை சாதாரண ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள். புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து எண்ணி 24 பின் தள்ளினால் சரியாக 12 அங்குலம் வரும். அது 12 அங்குலத்தைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். என் புது சைக்கிளில் முன்னால் ஒரே பல்சக்கரம்தான். முன் கியர் மாற்றும் இடத்தில் சேறு உருண்டை கட்டும் தொல்லை அதனால் போயிற்று.

கழுவுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் நமக்குப் பொறுப்பு இருக்கிறது. வாட்டர் சர்வீஸ் கடையில் பம்ப் வைத்து அடித்தால் சேறு போகும், ஆனால் தண்ணீர் பேரிங்குக்குள் ஏறிவிடும். வாளியும் பிரஷும் போதும். ஷாக் சைக்கிளை ஒழுங்காகச் சுத்தம் செய்ய முக்கால் மணி நேரம் பிடித்தது, இதற்குக் கால் மணி நேரம். வீட்டில் வைத்தே கழுவுங்கள். மதகடியில் தண்ணீர் ஓடுகிறதே என்று அங்கேயே செயின் எண்ணெயைக் கழுவிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. இன்னொன்று, டயரில் ஒட்டிய சேறோடு ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகாதீர்கள். ஆகாயத்தாமரை விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும். பாரூர் ஏரிக்கு அதைக் கொண்டுபோகிற ஆள் நாமாக இருக்கக் கூடாது.

சரி, ஷாக் இல்லாமல் கை வலிக்காதா? முதல் பத்து நாள் வலித்தது. பிறகு காற்றைக் குறைத்தேன். 29-க்கு 2.35 அங்குல டயர், டியூப்லெஸ், என் எடை 68 கிலோ. காற்றழுத்தம் முன்னால் 22, பின்னால் 26 பிஎஸ்ஐ. சரளையின் அதிர்வை டயரே வாங்கிக்கொள்கிறது. டியூப் போட்டு இவ்வளவு குறைத்தால் கல்லில் இடித்து டியூப் கிழியும், அதனால் டியூப்லெஸ் கட்டாயம் என்றே சொல்வேன். சீமைக்கருவேல முள் உள்ள ஊரில் அது எப்படியும் வேண்டும். ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் பால் (சீலண்ட்) நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்த்து ஊற்றுங்கள்.

கே.ஆர்.பி. அணையின் முழு மட்டம் 52 அடி. கோடையில் தண்ணீர் இறங்க இறங்க வண்டல் நிலம் பாளம் பாளமாக வெளியே வரும். ஷாக் சைக்கிள் இருந்தபோது கரையை விட்டு அந்த நிலத்தில் குறுக்கே இறங்கி வேகமாக ஓட்டியிருக்கிறேன். ஆள்காட்டிக் குருவி முட்டையிடுவது அந்த மாதங்களில்தான், பங்குனி தொடங்கி ஆடி வரை. அதற்குக் கூடு என்று ஒன்று இல்லை. திறந்த தரையில் சின்னக் குழி, அதில் கூழாங்கல் நிறத்தில் நாலு முட்டை. சைக்கிளில் போகிறவர் கண்ணுக்குப் படவே படாது. தலைக்கு மேலே அது கத்திக்கொண்டே சுற்றினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. வந்த தடத்திலேயே திரும்பிவிட வேண்டும். கெட்டி ஃபோர்க்கில் வெடித்த வண்டல் மேல் வேகமாகப் போகவே முடியாது, கரைத்தடத்தை விட்டு இறங்கத் தோன்றுவதும் இல்லை. என்னைப் பொறுத்தவரை இது அந்தச் சைக்கிளின் குறை இல்லை. மழை பெய்த மறுநாள் மட்டும் இரண்டு சைக்கிளுமே கரையில் ஏறக் கூடாது. ஈர மண்ணில் விழும் தடத்தில் தண்ணீர் ஓடிக் கரையை அரிக்கும்.

அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் எந்தச் சைக்கிள் நல்லது என்று கேட்கிறவர்கள் உண்டு. 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று அங்கே இரண்டு வனவிலங்குச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் எந்தச் சைக்கிளும் போகக் கூடாது. பொதுச் சாலையில் மட்டும் போங்கள், யானை நடமாட்டம் உண்டு, பொழுது சாய்வதற்கு வெகு முன்பே திரும்பிவிடுங்கள். தார்ச்சாலைக்கு ஷாக் எதற்கு?

ஷாக் ஜெயிக்கும் இடமும் இருக்கிறது. பஞ்சப்பள்ளி அணையைச் சுற்றிப் பாறை மேடுகளில் ஏறி இறங்குவதுதான் உங்கள் ஆசை என்றால், மணிக்கட்டில் பழைய அடி ஏதாவது இருந்தால், ஷாக் வைத்ததையே வாங்குங்கள். ஆனால் சீல் தனியாகக் கிடைக்கும் ஃபோர்க்கா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். விற்கும்போதும் ஷாக் வைத்ததற்குத்தான் ஆள் வரும். என் பழைய சைக்கிள் நாலே நாளில் போனது. வாங்க வந்த பையனிடம் ஃபோர்க் மாற்றிய கதையை மறைக்காமல் சொன்னேன். அவன் ஓட்டப்போவது காவேரிப்பட்டணம் வரை தார்ச்சாலையில் என்றான், சேறு படாது.